கடலூர், புதுச்சேரியிலிருந்து பைக்கில் ஊட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலிருந்து சேலம், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் கிளம்பி 2,240 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறோம். நடுவில் காயும் சமவெளி, காற்றடிக்கும் கொங்கு நாடு, அப்புறம் மலை. வண்டி நன்றாக ஓட்டத் தெரியும், ஆனால் மலை பழக்கமில்லை என்று சொல்லும் நம் பக்கத்து ஆட்கள் கிளம்பும் முன் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

நம் ஊரில் மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. அந்தக் கணக்கை மலைக்கும் போட்டுவிடுகிறோம். நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம் உண்டு. மலையின் மேற்குப் பக்கம், அதாவது கூடலூர், தேவாலா, அவலாஞ்சி, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. கிழக்குப் பக்கமான குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நம்மைப் போலவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெருமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. குன்னூர், கேத்தி பக்கம் மண்சரிந்து பலர் இறந்தது 2009 நவம்பரில். ஒரே மாவட்டம்தான், ஆபத்து வரும் மாதம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வேறு.

நாம் ஏறுவது கிழக்குப் பக்கம். ஆகவே கடலூரில் வானம் கறுத்திருக்கும் நவம்பரில் குன்னூர் சாலையும் நம்பத்தக்கதல்ல. ஆனால் சென்னை தொலைக்காட்சியில் 'நீலகிரியில் கனமழை' என்று ஜூலையில் ஓடும்போது, பல நாட்களில் கோத்தகிரியில் தூறலும் பனிமூட்டமும் மட்டுமே இருக்கும்.

என்னைக் கேட்டால் பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் முதல் தேர்வு. சாலை காய்ந்திருக்கும், சமவெளியில் வெயில் இன்னும் ஏறியிருக்காது. பச்சையும் மேகமும் வேண்டுமென்றால் செப்டம்பர். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் அழகுதான், ஆனால் தலைக்குந்தா, காந்தல் பகுதிகளில் விடியற்காலை உறைபனி விழும். மே மாதம் மலர்க்கண்காட்சிக்காக ஊரே மேலே ஏறும் நேரம். பைக்கில் போய் கார்களின் புகையை முகர்ந்துகொண்டு நிற்க ஆசையிருந்தால் போகலாம்.

எந்த வழியாகப் போவது?

புதுச்சேரிக்காரர்கள் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம். கடலூர்க்காரர்கள் விழுப்புரத்தைத் தொடவே வேண்டாம். வடலூர், நெய்வேலி, விருத்தாசலம் வழியாகச் சின்னசேலத்தில் போய் சேலம் சாலையைப் பிடிக்கலாம். சேலத்துக்கு அப்புறம் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி. அவிநாசியில் கோவை சாலையை விட்டுவிட்டு அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போனால் கோவை நெரிசல் மிச்சம். பவானியிலிருந்து கோபி, சத்தியமங்கலம், சிறுமுகை வழியாகவும் போகலாம். வேகம் குறையும், கண்ணுக்கு நெல்லும் மஞ்சளும் வாழையும் கிடைக்கும். நேரமிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையில் ஒரு எச்சரிக்கை. நான்குவழிச் சாலையில் வேகமாக வந்துகொண்டே இருப்போம். ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலைகள் பல ஆண்டுகள் இருவழியாகவே இருந்தன. அங்கே நடந்த நேருக்கு நேர் மோதல்கள் ஏராளம். அகலப்படுத்தும் வேலை நடந்த இடங்களிலும் திருப்பிவிடும் பலகைகளைப் பார்த்துப் போங்கள். எதிரே வரும் லாரி உங்கள் பாதையில் வரும் என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

சுங்கக் கட்டணம்?

இருசக்கர வண்டிக்குக் கிடையாது. இடது ஓரத்துச் சந்தில் நுழைந்து போய்விடலாம்.

ஒரே நாளில் போய்விட முடியாதா?

முடியும். செய்யாதீர்கள்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்கு மேல் மேட்டுப்பாளையம் வந்துவிடும். அதுவரை பிரச்சினையில்லை. ஆனால் உடம்பு களைத்து, கழுத்தும் இடுப்பும் வலிக்கும் நேரத்தில்தான் மலை தொடங்குகிறது. மலையில் மதியத்துக்குப் பிறகுதான் மேகம் கூடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் காலை பளிச்சென்று இருக்கும், இரண்டு மூன்று மணிக்கு இடியோடு பிடித்துக்கொள்ளும். ஆக, நம் கவனம் மிகக் குறைந்த நேரமும் சாலை மிக மோசமான நேரமும் ஒன்றாகிவிடுகிறது.

முதல் இரவை மேட்டுப்பாளையத்தில் கழியுங்கள். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் லாரியும் குறைவு, மேகமும் இல்லை. எட்டரை ஒன்பதுக்குள் குன்னூரில் சூடாக டீ குடிக்கலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

என்னிடம் இருப்பது 100 சிசி வண்டி. மலை ஏறுமா?

தாராளமாக ஏறும். நீலகிரியில் பால்காரரும் காய்கறி வியாபாரியும் அதில்தான் மூட்டை ஏற்றிப் போகிறார்கள். ஆனால் காற்றின் அடர்த்தி மேலே போகப் போகக் குறையும். ஊட்டி உயரத்தில் எஞ்சின் தன் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். 100 சிசி வண்டியில் இருவரும் பைகளும் என்றால் இரண்டாம் கியரில்தான் பெரும்பகுதி ஏற வேண்டியிருக்கும், சில இடங்களில் முதல் கியர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திணறும் எஞ்சினை மூன்றாம் கியரில் பிடித்து வைப்பதுதான் தவறு.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. உயரத்துக்கேற்ப பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்ளும். பழைய கார்ப்பரேட்டர் வண்டி மேலே கொஞ்சம் திணறும், கரும்புகை தள்ளும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். ஓரிரு நாள் பயணத்துக்காகக் கார்ப்பரேட்டரைத் திருகாதீர்கள். கீழே இறங்கியதும் மறுபடி சரிசெய்ய வேண்டிவரும்.

கிளம்பும் முன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

டயர், ஆயில், லைட் எல்லாம் மெக்கானிக்கே பார்ப்பார். நம் ஊர் வண்டிக்கென்று தனியாகச் சில இருக்கின்றன, ஏனென்றால் உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு இரண்டு வருடத்தில் வரும் துரு, சேலத்து வண்டிக்கு ஐந்து வருடத்திலும் வராது. கிளட்ச் கேபிளின் இரு முனையையும் பாருங்கள். ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், கொண்டை ஊசி வளைவில் அறுந்தால் வண்டி குலுங்கி நின்றுவிடும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து வாஸ்லின் தடவுங்கள். டிஸ்க் பிரேக்கில் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர உதவும் ஊசிகள் துருவால் இறுகியிருக்கும். வண்டியைத் தள்ளிப் பார்த்தால் சக்கரம் லேசாக உரசுவது தெரியும்.

பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு வந்துவிடும். கடற்கரை ஈரத்தில் வளர்ந்த வண்டியில் அந்த ஆயிலை மாற்றியே பல வருடம் ஆகியிருந்தால், நீண்ட இறக்கத்தில் லீவர் திடீரென்று பஞ்சு போல அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், செலவு ஒரு பிரியாணிக்குள்தான்.

பெட்ரோல்?

புதுச்சேரியில் தமிழ்நாட்டைவிட மலிவு. எல்லை தாண்டும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை நிரப்பினால் மலை முழுக்கக் கவலையில்லை.

சரக்கும் மலிவுதானே, இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். எல்லையில் சோதனைச்சாவடி இருப்பதே அதற்குத்தான். பிடித்தால் பாட்டிலோடு வண்டியும் போகும், வழக்கும் வரும்.

வழியில் வெயிலை எப்படிச் சமாளிப்பது?

விருத்தாசலம் தாண்டியதிலிருந்து ஆத்தூர் வரை மார்ச் கடைசியிலிருந்தே அனல் வீசும். கடற்காற்று பழகிய உடம்புக்கு அது வேறு வெயில். நம் ஊரில் வியர்த்துக் கொட்டும், அதனால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகமே தெரியாமல் நீர் வற்றிவிடும். தலைவலி வந்தால் ஏற்கெனவே தாமதம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நிறுத்துங்கள், மோர், இளநீர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு எது கிடைத்தாலும் சரி. வெயிலென்று ஜாக்கெட்டைக் கழற்றி அரைக்கையில் ஓட்டாதீர்கள். அனல் காற்று நேராகத் தோலில் பட்டால் இன்னும் வேகமாக வற்றும். மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டையை நனைத்துப் போட்டு அதன் மேல் ஜாக்கெட் போட்டால் அரை மணி நேரம் ஏசி.

பெருந்துறை, அவிநாசி பக்கம் வண்டி ஆடுகிறதே, டயரில் கோளாறா?

இல்லை, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு பெரிய இடைவெளி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடல் காற்று அதில் புகுந்து கொங்கு நாட்டில் விரியும். உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். தோளைத் தளர்த்தி, முட்டியால் டேங்க்கை அணைத்து, வேகத்தை 60க்குக் குறையுங்கள். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும், முந்தி வெளியே வந்ததும் ஓங்கி அறையும். அந்த நொடிக்குத் தயாராக இருங்கள்.

மழை வந்தால் நிறுத்துவதா, ஓட்டுவதா?

தூறலின் முதல் கால் மணி நேரம்தான் மோசம். சாலையில் பல நாள் படிந்த எண்ணெயும் புழுதியும் ஈரத்தில் குழைந்து வழுக்கும். டீக்கடையில் உட்காருங்கள். நன்றாகப் பெய்து கழுவிவிட்ட பிறகு சாலை பரவாயில்லை. வெள்ளைக் கோடு, பாலத்து இரும்புப் பட்டை, மலையில் யூகலிப்டஸ் இலைச் சருகு ஆகிய மூன்றின் மேலும் ஈரத்தில் பிரேக் பிடிக்காதீர்கள், சாய்க்காதீர்கள். இடி மின்னல் என்றால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி கூடாது.

மழைக்கோட்டு மேலும் கீழும் தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். ஒற்றை அங்கி வகை காற்றில் பாய்மரம் போல உப்பும். பைக்குள் துணியைப் பெரிய பாலித்தீன் பையில் சுற்றி வைத்தால் போதும், விலை உயர்ந்த நனையாத பைகள் முதல் பயணத்துக்குத் தேவையில்லை.

கொண்டை ஊசி வளைவில் எப்படி ஏறுவது?

கல்லாறு தாண்டியதும் பர்லியார் வழியாகக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் கிளட்சைப் பிடித்தால் இழுவை அறுந்து வண்டி நின்று சாயும். வெளிப்பக்கமாக அகலமாக நுழையுங்கள், ஆனால் உங்கள் பாதிக்குள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். வண்டி கண் போகும் பக்கம் போகும்.

பேருந்து வருகிறதென்றால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே நின்றுவிடுங்கள். திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டும். மலைச்சாலையில் இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். அது உங்களுக்குச் சாதகம்தான், ஆனாலும் அரசுப் பேருந்தோடு சட்டம் பேச அது இடமல்ல. ஒவ்வொரு மூடிய திருப்பத்திலும் ஹாரன் அடியுங்கள், இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

இறங்கும்போது பிரேக் சூடாகிவிடுமா?

ஆகும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், அதை யாரும் நம்புவதில்லை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 50 கிலோமீட்டரில் 1,900 மீட்டர் இறங்குகிறோம். அத்தனை சக்தியும் எங்காவது சூடாக வெளியேற வேண்டும், ஒன்று பிரேக்கில், இல்லாவிட்டால் எஞ்சினில். எஞ்சினில் வெளியேறட்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கு, அது இன்றும் சரி. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராதீர்கள். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள், அப்போதுதான் ஆறும்.

நியூட்ரலில் போட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் கடலூரிலும் இருக்கிறார்கள், காரைக்காலிலும் இருக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் கணக்கு தலைகீழ். கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் எஞ்சின் உயிரோடிருக்கப் பெட்ரோல் குடிக்கும். பிரேக்கையும் இழந்து பெட்ரோலையும் இழக்க வேண்டாம்.

ஸ்கூட்டியில் எஞ்சின் பிடிமானம் குறைவு. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பனிமூட்டத்தில் எப்படி?

ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போதும். இடது ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கை நம்பித் தொடராதீர்கள், அவர் எங்கே போகிறாரோ அங்கேதான் நீங்களும் போவீர்கள். ஹெல்மெட் கண்ணாடி உள்ளே மங்கினால் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். முந்தின இரவே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை உள்பக்கம் தடவித் துடைத்தாலும் மங்காது.

குளிருக்கு எவ்வளவு துணி?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி 12 டிகிரி குளிர், அதன் மேல் ஓடும் வண்டியின் காற்று வேறு. ஒரு கனத்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது, ஏற ஏறப் போட்டு இறங்க இறங்கக் கழற்றலாம். காற்றைத் தடுக்கும் மேலுறையாக அந்த மழைக்கோட்டே போதும். அவசரத்துக்கு, சட்டைக்குள் மார்பில் இரண்டு மடிப்பு செய்தித்தாள். கை மரத்தால் பிரேக் தாமதமாகும், அதனால் வேறெதை விட்டாலும் கையுறையை விடாதீர்கள்.

இ-பாஸ் பைக்குக்கும் வேண்டுமா?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்தது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் அரசுத் தளத்தில் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பிஒய் எண் பலகை என்பதால் தனிச் சிக்கல் எதுவுமில்லை. ஆர்சி, காப்பீடு, உரிமம் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்குவதும் வழக்கம். இல்லாவிட்டாலும் கோத்தகிரி வழியாகவே இறங்குங்கள், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அருமையான சாலை.

யானை வருமா?

வரும். பண்ருட்டியில் பலா குவியும் மாதங்களில் பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் பலா பழுக்கும், அதைத் தேடி யானைகள் சாலைக்கே இறங்கும். தெரிந்தால் தூரத்திலேயே நிறுத்தி, வண்டியைத் திருப்பி வைத்துக் காத்திருங்கள். செல்ஃபி வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருட்டிய பின் காட்டுமாடு சாலை நடுவில் நிற்கும், கறுப்பு நிறம் என்பதால் கிட்டே வரும்வரை தெரியாது.

குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

நான்கு வயதுக்குக் கீழே என்றால் ஹெல்மெட், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, 40 கிலோமீட்டருக்குள் வேகம் என்று விதி இருக்கிறது. அந்த வேகத்தில் ஊட்டி போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்று பாருங்கள். ரயிலில் அனுப்பிவிட்டு நீங்கள் பைக்கில் போங்கள்.

முதலில் பக்கத்து மலையில் பழகலாமா?

நல்ல யோசனை. ஏற்காட்டுக்கு சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், அகலமான சாலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை இன்னும் கிட்டே. கொல்லிமலையின் 70 வளைவுகளை இரண்டாம் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வளைவுகள் மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கடுக்காக வரும். எதற்கும் இ-பாஸ் தேவையா என்று போகும் முன் பார்த்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது இங்கே புயல் என்றால்?

மலையைவிட சமவெளி ஆபத்தாகும் நாட்கள் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இரண்டு நாள் கழித்து தென்பெண்ணை வெள்ளம் விழுப்புரம் அருகே அரசூரில் சென்னை - திருச்சி சாலையையே அடைத்தது. மழை விட்ட பிறகுதான் மேலே இருந்து தண்ணீர் வந்து சேர்கிறது, சாத்தனூர் அணை திறந்த செய்தி வந்தால் நமக்கு அடுத்த நாள். அதனால் வானிலை மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விழுப்புரத்துக்கோ கடலூருக்கோ இருந்தால் சேலத்திலேயே ஒரு நாள் தங்குங்கள். தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கலாம். ஓடும் தண்ணீரில் பைக்கை இறக்காதீர்கள், முழங்கால் உயரமே போதும் வண்டியை இழுத்துப்போக.

வீடு வந்ததும் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

நல்ல தண்ணீரில் கழுவி, செயினை மண்ணெண்ணெயில் துடைத்து ஆயில் விடுங்கள். பிரேக் பேட் தடிமனைப் பாருங்கள், ஒரு மலைப்பயணத்தில் நன்றாகத் தேய்ந்திருக்கும். ரேக் போல்ட், கண்ணாடி, எண் பலகைத் திருகு எல்லாம் அதிர்வில் தளர்ந்திருக்கும், ஒரு ஸ்பானரோடு சுற்றி வாருங்கள்.